பாடம் வந்துவிட்டது, பந்தல் எங்கே?

சித்திரை பிறந்துவிட்டால் திருவண்ணாமலை மாவட்டத்துச் சுவர்களில் பாரதச் சுவரொட்டிகள் ஏறிவிடும். செங்கம், போளூர், ஆரணி, வந்தவாசி என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஓர் ஊரின் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். பகலில் மகாபாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. பிற்பகல் வெயிலில் பந்தலுக்கு அடியில் பிரசங்கியார் உட்கார்ந்து, வில்லிபுத்தூராரின் பாட்டையும் நல்லாப்பிள்ளையின் பாட்டையும் ராகம் போட்டுப் பாடிப் பொருள் சொல்வார். எதிரே பாயிலும் வெறுந்தரையிலுமாகக் கிழவிகள், கழனியிலிருந்து நேரே வந்தவர்கள், கோடை விடுமுறையில் இருக்கும் பிள்ளைகள். பதினெட்டு நாள், இருபது நாள் என்று நீளும் இந்த வகுப்பில் சேரக் கட்டணம் கிடையாது. அர்ச்சுனன் தபசு அன்று மரம் ஏறுகிறவரை அண்ணாந்து பார்ப்பதற்கும், கடைசி நாளில் மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனனைச் சுற்றி வருவதற்கும் யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

அதற்காகச் செலவில்லாமல் நடக்கிறது என்று பொருள் இல்லை. பிரசங்கியாருக்கும் கூத்து ஜமாவுக்கும் பேசிய தொகையைக் கொடுத்தாக வேண்டும். பந்தல்காரரும் மைக்செட்காரரும் காத்திருப்பார்கள். ஊர் கூடித் தலைக்கட்டு வரி போட்டு அதை அடைக்கிறது. வரி கொடுத்தவரும் கேட்கலாம், பக்கத்து ஊரிலிருந்து வந்தவரும் கேட்கலாம். பள்ளிக்கூடத்தையே மிதிக்காத தலைமுறைகள் கர்ணன் பக்கம் நியாயமா, கண்ணன் பக்கம் நியாயமா என்று விடிய விடிய வாதாடியது இந்தப் பந்தலில் பழகித்தான்.

இன்று அதே பந்தலில் பாட்டியோடு வந்து உட்கார்ந்திருக்கும் பேரனின் சட்டைப் பையில் இன்னொரு பிரசங்க மேடை இருக்கிறது. இயற்பியல், கணக்கு, கணினி நிரல், மண்ணியல், பொருளியல், சட்டம் என்று எதை வேண்டுமானாலும் உலகின் பெரிய பேராசிரியர்களிடம் காசு கொடுக்காமல் கேட்கலாம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நிதானமாக நடப்பவருக்கு நான்கு மணி நேரம் பிடிக்கும். இயர்போனை மாட்டிக்கொண்டு நடந்தால் இந்திர லிங்கத்தில் தொடங்கிய ஐ.ஐ.டி. வகுப்பு எம லிங்கத்தைத் தாண்டும்போது முடிந்து அடுத்தது தொடங்கியிருக்கும். ஈசான்ய லிங்கத்துக்கு வருவதற்குள் நான்கு வகுப்புகள் ஆகிவிடும்.

பாடம் இப்படி வீட்டு வாசலுக்கே வந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. பாரதத்துக்குப் போட்ட மாதிரி ஒரு பந்தலை மட்டும் யாரும் இதற்குப் போடவில்லை. இலவசக் காணொளிக் கல்வியின் இன்றைய குறை பாடத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

சென்னையிலிருந்து கிளம்பிய பாடம்

இந்தியாவில் இந்தக் கொடையின் பெரும்பகுதி சென்னை ஐ.ஐ.டி.யை மையமாகக் கொண்டு வளர்ந்தது. 1999-இல் பேச்சாகத் தொடங்கிய என்பிடெல் திட்டம், 2003-இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து மத்திய அரசின் நிதியில் நடத்தும் திட்டமாக உருவெடுத்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் அன்றைய இயக்குநர் எம்.எஸ்.அனந்த் அதை முன்னின்று நடத்தினார். வேதியியல் பேராசிரியர் மங்கள சுந்தர் கிருஷ்ணன் இணையப் பாடங்களை ஒருங்கிணைத்தார். காரணம் எளிமையானது. நாடெங்கும், குறிப்பாகத் தமிழ்நாட்டில், தனியார் பொறியியல் கல்லூரிகள் வரிசையாக முளைத்துக்கொண்டிருந்தன. கட்டடம் சீக்கிரம் எழும்பிவிடும், நல்ல ஆசிரியர் அப்படி உருவாகிவிட மாட்டார். அதனால் ஐ.ஐ.டி. வகுப்பைப் படம் பிடித்து மற்ற கல்லூரிகளுக்கு அனுப்பலாம் என்று முடிவானது. முதலில் ஐந்து பொறியியல் துறைகள், ஒவ்வொரு பாடத்துக்கும் ஏறத்தாழ நாற்பது மணி நேரம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களையெல்லாம் இணையத்தில் திறந்துவைக்கப் போவதாக அறிவித்தது 2001 ஏப்ரலில். அதையடுத்த இரண்டே ஆண்டுகளில் இந்தியா இதில் இறங்கிவிட்டது. 2014-இல் என்பிடெல் தேர்வும் சான்றிதழும் கொடுக்கத் தொடங்கியது. பாடத்தில் சேருவதற்கும் வாராவாரம் வீட்டுப்பாடம் அனுப்புவதற்கும் கட்டணம் இல்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க விரும்புகிறவர் மட்டும் ஆயிரம் ரூபாய் அளவில் கட்டினால் போதும். 2017 ஜூலை 9 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி ‘ஸ்வயம்’ தளத்தைத் தொடங்கிவைத்தார். ஒரு பட்டப்படிப்பின் மதிப்பெண் அலகுகளில் 20 சதவீதம் வரை இணையப் பாடங்களில் ஈட்டலாம் என்று 2016-இல் விதித்த பல்கலைக்கழக மானியக் குழு, 2021-இல் அதை 40 சதவீதமாக உயர்த்தியது. திருவண்ணாமலை கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரியிலோ செய்யாறு அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலோ படிக்கிற ஒருவர் ஐ.ஐ.டி. பேராசிரியரிடம் பாடம் கேட்டு அதைத் தன் பட்டத்தில் சேர்க்கக் கேட்கலாம் என்பது இன்று சட்டப்படி உள்ள வழி.

நூற்றுக்கு மூன்று ஏகலைவன்கள்

யூடியூப் பரவுவதற்கு முன் ஐ.ஐ.டி. வகுப்புகளை ஒளிபரப்ப 2003-இல் ஒரு தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கப்பட்டது. அதற்கு அரசு வைத்த பெயர் ‘ஏகலவ்யா’. பாரதம் கேட்டவர்களுக்குக் கதை தெரியும். துரோணர் சேர்த்துக்கொள்ளவில்லை. வேடச் சிறுவன் மண்ணில் குருவின் உருவத்தைச் செய்து வைத்துக்கொண்டு காட்டில் தனியே வில் பழகினான், அர்ச்சுனனையே மிஞ்சினான். ஆசிரியரின் உருவம் மட்டும் இருந்தால் போதும், மாணவன் தானே படித்துக்கொள்வான் என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

அந்த நம்பிக்கை எவ்வளவு பலித்தது? ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து நடத்திய எட்எக்ஸ் தளத்தின் ஆறு ஆண்டுக் கணக்கை ஜஸ்டின் ரீச், ஹோசே ருய்பெரெஸ்-வாலியன்டே என்ற இரு ஆய்வாளர்கள் புரட்டி, 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். 2017-18-இல் பாடங்களில் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அது இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்து குறைந்துகொண்டே வந்திருக்கிறது. சேர்ந்த எல்லோரும் முடிக்க வந்தவர்கள் அல்ல, வேண்டிய ஒரு பகுதியை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்களும் உண்டு என்று சொல்லலாம். அது நியாயமான பதில்தான். ஆனாலும் சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில்கூட அந்த ஆண்டு பாதிப் பேர் கரையேறவில்லை. 46 சதவீதம் பேர்தான் முடித்தார்கள்.

ஆக ஏகலைவன்கள் நூற்றுக்கு மூன்று பேர். அவர்களுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. போனைக் கொடுத்துவிட்டு வழியை விட்டால் போதும். யோசிக்க வேண்டியது மற்ற தொண்ணூற்றேழு பேரைப் பற்றி.

காணொளிக் கல்வியின் கதாநாயகராகச் சொல்லப்படும் சல்மான் கானின் கதையிலேயே இதற்கு ஒரு விடை இருக்கிறது. 2004-இல் அவர் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் ஆய்வாளர். தூரத்து ஊரில் இருந்த நாடியா என்ற உறவுக்காரச் சிறுமிக்கு அலகு மாற்றக் கணக்கு வரவில்லை. வேலை முடிந்து வந்து தொலைபேசியிலும் கணினியிலுமாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவளைத் தொடர்ந்து மற்ற உறவுக்காரப் பிள்ளைகளும் வந்தார்கள். ஒருவருக்குச் சொன்னதையே இன்னொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்ததால் 2006-இல் யூடியூபில் ஏற்றினார். பின்னால் உலகம் முழுக்கப் போன கான் அகாடமி அப்படிப் பிறந்தது. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இந்த இரண்டாம் பாதியைத்தான். முதல் பாதியில் நாடியாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். எங்கே தடுக்கிறது என்று கேட்டார், இன்னொரு முறை சொன்னார், நாளைக்குத் திரும்பக் கூப்பிடுவேன் என்றார். காணொளி உலகத்துக்கெல்லாம் போனது. அந்த அண்ணன் போகவில்லை.

அந்த அண்ணனையும் கூடவே அனுப்பிப் பார்த்த ஓர் அனுபவம் அரை நூற்றாண்டுக்கு முன்பே உண்டு. 1970-களின் தொடக்கத்தில் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் தன் பிரிவு ஒன்றைக் கலிபோர்னியாவின் சான்டா ரோசாவுக்கு மாற்றியது. அங்கே போன பொறியாளர்களுக்கு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் தொலைக்காட்சி வகுப்பு எட்டவில்லை. பேராசிரியர் ஜேம்ஸ் கிப்பன்ஸ் வழக்கமான வகுப்பை அப்படியே வீடியோ நாடாவில் பதிந்து அனுப்பினார். கூடவே ஒரு நிபந்தனை போட்டார். சின்னக் குழுவாக உட்கார வேண்டும், பாடத்தில் ஓரளவு பிடிப்புள்ள உள்ளூர்ப் பொறியாளர் ஒருவர் உடன் இருக்க வேண்டும், யாருக்குச் சந்தேகம் வந்தாலும் நாடாவை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். அந்த உள்ளூர்க்காரர் துரோணர் இல்லை, பெரிய நிபுணரும் இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர், அவ்வளவே. 1977-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரையின்படி, இப்படிப் படித்தவர்கள் பல்கலைக்கழக வளாகத்தில் நேரில் படித்தவர்களுக்கு ஒரு படி மேலாகவே மதிப்பெண் வாங்கினார்கள்.

பாரதப் பந்தலில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். பிரசங்கியார் ஒரு பாட்டை முடித்து நிறுத்துவார். பக்கத்தில் இருக்கும் பெரியவர் சின்னவனுக்கு விளங்காததை எடுத்துச் சொல்வார். இரவில் கூத்தின் கட்டியங்காரன் அதையே கிண்டலோடு இன்னொரு முறை சொல்வான்.

கல்வித் தொலைக்காட்சி காட்டிய பாடம்

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வியிலும் காணொளிக்குப் பஞ்சமில்லை. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் கோடு அச்சானது. போனைக் காட்டினால் அந்தப் பாடத்தின் காணொளி திறக்கும். 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் அதன் படப்பிடிப்புத் தளம் அமைந்தது. 2023-இல் ‘மணற்கேணி’ செயலி வந்தது. தோண்டத் தோண்ட ஊறும் கேணியை அறிவுக்கு உவமையாக்கிய குறளிலிருந்து எடுத்த பெயர்.

கல்வித் தொலைக்காட்சி தொடங்கிய ஏழாம் மாதம் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடையில் இருந்த ஒன்றரை ஆண்டுக்கும் மேலான காலத்தில் காணொளியே பள்ளிக்கூடம். ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழு அமைத்தார்கள், அட்டவணை அனுப்பினார்கள். பாடம் தினமும் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியபோது எழுத்தும் கணக்கும் கைவிட்டுப் போயிருந்தன. அதை மீட்க அரசு தேர்ந்தெடுத்த வழி இன்னொரு காணொளி அல்ல. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில், தெருவிலேயே இருக்கும் படித்த ஒருவர், பெரும்பாலும் பெண், மாலையில் இருபது பிள்ளைகளைத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். நெருக்கடி நேரத்தில் அரசே கண்டுகொண்ட உண்மை இது. கல்லூரிக்கும் வேலைக்குப் படிப்பவர்களுக்கும் அதை ஏன் நீட்டக் கூடாது?

இன்னொன்றும் உண்டு. போன் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, எல்லோர் கையிலும் இல்லை. 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயதினரிடம் எடுத்த ‘ஏசர்’ 2023 ஆய்வில், ஏறத்தாழ 90 சதவீத வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. போனைப் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 43.7 சதவீதம் பேருக்குச் சொந்தப் போன் இருந்தது. பெண்களில் 19.8 சதவீதம் பேருக்குத்தான். அப்பா வேலையிலிருந்து வரும்வரை, அண்ணன் விளையாட்டை முடிக்கும்வரை காத்திருக்கும் பெண்ணுக்கு ‘உலகமே உள்ளங்கையில்’ என்ற பேச்சு எட்டாது. பொது இடத்தில் ஒரு திரை இருந்தால் எட்டும்.

தமிழில் கேட்டால்

மொழிச் சிக்கலையும் பார்த்தாக வேண்டும். என்பிடெல் வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். அவற்றின் எழுத்துப்படிகள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டு வருகின்றன. ஹேமா மூர்த்தி, எஸ்.உமேஷ் ஆகியோரின் தலைமையில் சென்னை ஐ.ஐ.டி.யின் பேச்சுத் தொழில்நுட்பக் குழுக்கள் விரிவுரையின் குரலையே இந்திய மொழிகளுக்கு மாற்றும் வேலையில் இறங்கின. இருந்தும், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குள் நுழையும் செங்கத்து மாணவருக்கு முதல் பத்து நிமிடம் பாடத்தோடு அல்ல, உச்சரிப்போடுதான் மல்லுக்கட்டு. பாடம் காட்சியாக மட்டும் வந்தால் அந்தப் பத்து நிமிடத்திலேயே விரல் அடுத்த காணொளிக்குத் தாவிவிடும். பக்கத்தில் ஒருவர் இருந்து ‘இவர் சொல்வது நீ பதினொன்றாம் வகுப்பில் படித்த திசைவேகம்தான்’ என்று சொன்னால் விரல் நிற்கும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டு செய்த வேலை மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’. கட்டற்ற மென்பொருள்களைக் கற்றுத்தரும் காணொளிகள், ஒவ்வொன்றும் பத்து நிமிட அளவு. திரையில் தெரியும் மென்பொருள் ஆங்கிலத்திலேயே இருக்கும், விளக்கும் குரல் மட்டும் தமிழில் வரும். வேலைக்குப் போகும் இடத்தில் ஆங்கிலத் திரைதான் இருக்கும் என்பதால் அதற்குப் பழக்கம் வேண்டும். ஆனால் புரிதல் தாய்மொழியில் நடக்க வேண்டும். அந்தக் கணக்கு இதில் இருக்கிறது. கல்லூரிகளில் ஒருவர் பொறுப்பேற்றுக் கணினி அறையில் மாணவர்களை உட்கார வைத்து நடத்துவார். இணைய இணைப்புகூடத் தேவையில்லை. பார், நிறுத்து, நீயே செய்து பார் என்பதுதான் முறை. கிப்பன்ஸ் செய்ததன் இந்திய வடிவம்.

புனேயிலிருந்து அரவிந்த் குப்தா செய்தது இன்னொரு வகை. தூக்கி எறிந்த பொருள்களில் பொம்மை செய்து அறிவியல் சொல்லும் அவரது ஒன்றிரண்டு நிமிடப் படங்கள் தமிழ் உட்படப் பல மொழிகளில் குரல் ஏற்றப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் வைத்து வடிவியல் கட்டுவதை ஒரு முறை பார்த்த பிள்ளை போனை வைத்துவிட்டுத் தீக்குச்சியைத் தேடும். தமிழில் பிரேமானந்த் சேதுராஜனின் ‘லெட்ஸ் மேக் எஞ்சினியரிங் சிம்பிள்’ மாதிரியான யூடியூப் சேனல்கள் பொறியியலைப் பேச்சுத் தமிழில் கொண்டுவந்தன. அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் 2010-லேயே தமிழ் வழியில் தொடங்கிவிட்டது. அந்த மாணவர்களுக்கு முழுப் பருவத்துக்கும் வரிசையாகப் பாடம் சொல்லும் தமிழ்க் காணொளிகள் இல்லாததே இன்னும் பெரிய இடைவெளி. தனித்தனித் துணுக்குகள் நிறைய இருக்கின்றன, கோத்த மாலைதான் இல்லை.

யார் கட்டுகிறார்கள்?

ஏகலைவனிடம் துரோணர் கட்டணமே கேட்கவில்லை, கடைசியில் கட்டைவிரலைக் கேட்டார். இன்றைய இலவசத்திலும் பின்னால் வரும் கட்டணத்தைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்கு 2022-இல் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களை நோக்கி யூடியூபில் நாள்தோறும் இலவச வகுப்புகள் கொட்டுகின்றன. அவற்றை நடத்துபவர்களில் பலர் உழைத்துச் சொல்லிக் கொடுப்பவர்கள். ‘இந்த ஐம்பது கேள்வி போதும்’ என்று பயமுறுத்திப் பார்வையாளர் சேர்த்து, கடைசியில் கட்டண வகுப்புக்குத் தள்ளிவிடுபவர்களும் உண்டு. முதல் வகையையும் இரண்டாம் வகையையும் பிரித்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இல்லாதபோது மாணவர் நேரத்தைக் கட்டுகிறார்.

பணம் வாங்கியவர்கள் நிலைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்புப் போடப்பட்ட பைஜூஸ் நிறுவனம் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. பொதுப் பணத்தில் நடந்த என்பிடெல் அதே இடத்தில் அப்படியே இருக்கிறது.

அரசுக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகள் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓடுகின்றன. ‘காணொளிதான் இருக்கிறதே’ என்று காலிப் பணியிடத்தை நிரப்பாமல் விடுவதற்கு இந்த இலவசம் சாக்காகக் கூடாது. சான்டா ரோசாவின் அனுபவம் ஆசிரியர் தேவையில்லை என்று சொல்லவில்லை. பேராசிரியர் தூரத்தில் இருந்தாலும் மனிதர் ஒருவர் அறையில் இருந்தே ஆக வேண்டும் என்றுதான் சொல்கிறது.

ஊரிலேயே ஒரு முன்மாதிரி

கூட்டம் கூடினால் காணொளியும் நன்றாக வரும் என்பதற்குத் திருவண்ணாமலைக்காரர்கள் வெளியூருக்குப் போய்ச் சாட்சி தேட வேண்டாம். மின்வாரியத்தில் வேலை பார்த்த எழுத்தாளர் பவா செல்லதுரை, தமிழின் சிறுகதைகளையும் நாவல்களையும் ஊர் மக்கள் முன்னால் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். புத்தகம் படிக்காதவர்களும் வந்து கேட்டார்கள். இலக்கியக் கூட்டங்களைச் சலிக்காமல் படம் பிடித்துவரும் சுருதி டிவி அவற்றைப் பதிந்து யூடியூபில் ஏற்றியது. கடல் கடந்த தமிழர்கள் காரிலும் சமையலறையிலும் அவற்றைக் கேட்டார்கள். அந்தக் காணொளிகளின் உயிர் கேமராவில் இல்லை. சொல்கிறவர் எதிரே இருக்கும் முகங்களைப் பார்த்துச் சொல்கிறார், அவர்கள் சிரிக்கும் இடத்தில் நிறுத்துகிறார், கண் கலங்கும் இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார். பந்தல் முதலில் வந்தது, காணொளி அதற்குப் பின்னால் வந்தது. கல்விக் காணொளிகளில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. காணொளி முதலில் வந்துவிட்டது, பந்தலை இனிமேல்தான் போட வேண்டும்.

அதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். பொது நூலகங்களுக்கென்று சுதந்திர இந்தியாவில் முதலில் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-இல். அதன்படி சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறார். தலைக்கட்டு வரியின் நகர வடிவம் இது. மாநிலத்தில் 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. பெரும்பாலான மாவட்டத் தலைநகர்களில் மைய நூலகம் உண்டு. பல நகராட்சிகளில் போட்டித் தேர்வு மாணவர்களுக்கென்றே அறிவுசார் மையங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. ‘எல்லோர் கையிலும் போன் இருக்கும்போது நூலகத்துக்கு யார் வருவார்கள்’ என்று கேட்பவர்கள் ஒரு நாள் காலையில் ஏதாவது ஒரு மாவட்ட மைய நூலகத்தின் வாசிப்பறைக்குப் போய்ப் பார்க்கலாம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் ஏற்கெனவே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் காதிலும் தனித்தனி இயர்போன். ஒரே அறையில் இருந்துகொண்டு ஒரே பாடத்தைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள்.

தேவைப்படுவது ஓர் அறை, ஒரு புரொஜெக்டர், முன்கூட்டியே பதிவிறக்கி வைத்த பாடங்கள் அடங்கிய ஒரு ஹார்டு டிஸ்க். இவற்றோடு ஓர் ஆள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியராக இருக்கலாம், முதுகலை முடித்து வேலைக்குக் காத்திருப்பவராக இருக்கலாம், கூடுதல் ஊதியம் தேவைப்படும் கௌரவ விரிவுரையாளராகவும் இருக்கலாம். அவருக்கான மதிப்பூதியம் நூலக வரியிலிருந்து வரட்டும். வாரம் மூன்று மாலை போதும். எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை காணொளி பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்த பிலிப் குவோ குழுவினர், எவ்வளவு நீளமான காணொளியானாலும் ஆட்களின் கவனம் நடுத்தரமாக ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று 2014-இல் எழுதினார்கள். எனவே ஆறு நிமிடத்துக்கு ஒரு முறையோ பத்து நிமிடத்துக்கு ஒரு முறையோ நிறுத்திப் பேசுவதுதான் அந்த ஆளின் முக்கிய வேலை.

எந்தப் பாடம் என்பதை அந்தந்த ஊர் தீர்மானிக்கலாம். பட்டு நெசவுக்குப் பேர் போன ஆரணியில் என்பிடெலின் ஜவுளித் தொழில்நுட்ப வகுப்பு ஓடலாம். கழனி சூழ்ந்த சேத்துப்பட்டிலும் கலசபாக்கத்திலும் மண்ணியல் ஓடலாம். திருவண்ணாமலை நகரில் கணினி நிரலும் பொருளியலும் ஓடலாம். செல்பேசிக் கோபுரம் எட்டாத குக்கிராமங்கள் உள்ள ஜவ்வாது மலையில், பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளின் மாலை நேரத்துக்கு ஹார்டு டிஸ்க்கில் அரவிந்த் குப்தாவின் படங்கள் போய்ச் சேரலாம். நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கடைசிப் பேருந்துக்கு முன்னால் வகுப்பு முடிந்தால் வீட்டில் போன் கிடைக்காத பெண்களும் வருவார்கள்.

என்பிடெல் ஆண்டுக்கு இரண்டு பருவமாக, ஜனவரியிலும் ஜூலையிலும், பாடங்களைத் தொடங்குகிறது. ஜூலைப் பருவம் தொடங்கும்போது மாவட்டத்தின் பெரும்பாலான ஊர்களில் பாரதம் முடிந்து பந்தலைப் பிரித்திருப்பார்கள். மாவட்ட நூலக ஆணைக்குழு அதற்குள் ஓர் அறையை ஒதுக்கி, ஒருவரை நியமித்து, நூலக வாசலில் ஒரு சுவரொட்டி ஒட்டட்டும். பாடத்தின் பெயர், நாள், நேரம் மூன்றும் இருந்தால் போதும். சேரக் கட்டணம் இல்லை.